உன் டாக்டரிடம் நீ சொல்ல வேண்டியது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் உன் வயிற்றுப் பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். இங்கே அம்மா சுகம். நானும் சுகம் என்று அடுத்த வரியை எழுதிப் பழகிய கை இன்று எழுதாமல் நிற்கிறது. எனக்கு இதயம் தளர்ந்துவிட்டது. பயப்படாதே, நின்றுபோகவில்லை. டாக்டர்கள் இதை இதயச் செயலிழப்பு என்கிறார்கள், அந்தப் பெயரை வைத்தவர் யாரென்று தெரிந்தால் பிடித்து நாலு கேள்வி கேட்பேன். இதயம் வேலை செய்கிறது, போதுமான அளவு செய்யவில்லை, அவ்வளவுதான். தசை தொய்ந்து அறை பெருத்துப்போய், ஒரு துடிப்புக்கு நல்ல இதயம் தள்ளுவதில் பாதியைத்தான் என்னுடையது தள்ளுகிறது, மிச்சம் பின்னால் தேங்கி, காலில் வீக்கமாகவும் நெஞ்சில் மூச்சுமுட்டலாகவும் வந்து சேர்கிறது. இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியவன் நான், அவளைக் கோபித்துக்கொள்ளாதே. உனக்குத் தெரிந்தால் மாப்பிள்ளைக்குத் தெரியும். உன் கல்யாணத்தன்று பந்தி நடக்கும்போது, மாமா சும்மா கத்துவாரு, உள்ள ஒண்ணும் கிடையாது என்று அவர் தன் நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தது என் காதில் விழுந்தது. அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினேன். அப்படிப்பட்டவருக்கு என் இதயத்தின் நிலவரம் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், நேற்று நீ போனில் பேசி முடித்ததும் அம்மா காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள், மாடிப்படி ஏறினா பொண்ணுக்கு மூச்சு வாங்குதாம், செருப்பு கால்ல நுழையலையாம், ரெண்டு தலகாணி வெச்சாத்தான் தூக்கம் வருதாம், மாசமா இருக்கிறவளுக்கு இதெல்லாம் வர்றதுதானே என்று. அவளுக்கு அது சாதாரணச் செய்தி. எனக்கு அப்படியில்லை. பிள்ளைத்தாய்ச்சிக்கு இதெல்லாம் வரக்கூடியதுதான், பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் எனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது, நானும் இதைச் சாதாரணம் என்றுதான் நினைத்தேன், செருப்புக் கடைக்காரனிடம் போய் அளவு தப்பு என்று சண்டைகூடப் போட்டேன். அது மட்டுமல்ல, என் இதயத் தசை ஏன் தொய்ந்தது என்று தேடியபோது அடைப்பு இல்லை, சர்க்கரை இல்லை, குடி இல்லை. உங்க அப்பா எப்படிப் போனார் என்று டாக்டர் கேட்டார். ஆஸ்துமா என்று சொல்லிவிட்டு, கால் வீங்கி, படுக்க முடியாமல் கடைசி வருடமெல்லாம் நாற்காலியிலேயே தூங்கினார் என்றேன். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, இது குடும்பத்துல வர்றதா இருக்கலாம் சார், பிள்ளைங்களுக்கு ஒரு தடவை இதயத்தை ஸ்கேன் பண்ணிப் பார்த்துடணும், உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க என்று கேட்டார். ஒரே பொண்ணு, தூர தேசத்துல நல்லா இருக்கா என்று சொன்னேன். அது கழிந்து ஒரு மாதம் ஆகிறது. ஒரு மாதமாக நான் வாயைத் திறக்கவில்லை. என் மானம் பெரிதா என் மகள் பெரிதா என்ற கேள்விக்கு மானம் என்றே ஒரு மாதம் பதில் எழுதியிருக்கிறேன், இதை எழுதும்போது எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மீதியையும் சொல்லிவிடுகிறேன், நீ அதே தப்பைச் செய்யக் கூடாது. முதலில் மாத்திரைகள் கொடுத்தபோது ஒழுங்காகத்தான் சாப்பிட்டேன். பிறகு ரத்த அழுத்தம் பார்த்தால் சாதாரணத்தைவிடக் குறைவு, கொடுத்ததிலோ இரண்டு அழுத்தத்தை இன்னும் குறைப்பவை. நான் ஆயுள் முழுக்கக் குடிநீர் பம்ப் நிலையத்தில் இருந்தவன். லைனில் அழுத்தம் இறங்கினால் வால்வை மூடுவோம், திறக்க மாட்டோம். டாக்டராக வந்த இந்தச் சின்னப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று அந்த இரண்டையும் நானே நிறுத்திவிட்டேன், அம்மாவிடம் சாப்பிட்டாயிற்று என்றேன். கொஞ்ச நாள் சுறுசுறுப்பாகக்கூட இருந்தது. அப்புறம் ஆபீஸ் கூட்டத்தில், எனக்கு வர வேண்டிய தலைமைப் பொறியாளர் நாற்காலியில் ஒட்டிக்கொண்டவன், அதனால் நான் கோந்து என்று பெயர் வைத்திருக்கிறேனே அவன்தான், அவன் போட்ட வரைபடத்தில் குற்றம் கண்டுபிடித்துப் பேசிக்கொண்டிருந்தபோதே மூச்சு நின்றுவிட்டது போல ஆனது. தண்ணீருக்குள் இருந்து பேசுவது போல இருந்தது. லிப்ட் பழுது. கோந்துதான் தன் நாற்காலியை இழுத்து வந்து அதில் என்னை உட்கார வைத்து, வாட்ச்மேனோடு சேர்ந்து மூன்று மாடி தூக்கி இறக்கினான். எந்த நாற்காலிக்கு இத்தனை வருடம் ஏங்கினேனோ அதில் கடைசியில் அப்படித்தான் உட்கார்ந்தேன். ஆம்புலன்ஸில் நீர் இறங்க ஊசி போட்டார்கள், ஆஸ்பத்திரி வாசல் வருவதற்குள் என் பேண்ட் நனைந்துவிட்டது. கூடவே வந்த கோந்து தன் கோட்டைக் கழற்றி என் மடியில் போட்டான். அதற்கும் எனக்கு அவன் மேல் கோபம்தான் வந்தது. இன்னும் ஒரு நன்றி சொல்லவில்லை.

டாக்டர் உன் வயதுதான் இருப்பார். பிரஷர் கம்மின்னு நீங்களே நிறுத்திட்டீங்களா, உங்க பம்ப் ஹவுஸுக்கு நான் வந்து வால்வைத் திருகினா சும்மா விடுவீங்களா சார் என்று கேட்டார். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். பிறகு டாக்டர் பொறுமையாக விளக்கினார். இதயம் தளர்ந்ததும் உடம்பு பயந்துபோய் ரத்தக் குழாய்களை இறுக்குகிறது, உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது, இதயத்தை ஓடு ஓடு என்று விரட்டுகிறது. முதலில் அது கைகொடுப்பது போலத் தெரியும், நாளாக நாளாக அதுவே இதயத்தைத் தேய்த்துவிடும். ஒரு மாத்திரை குழாயைத் தளர்த்துகிறது, ஒன்று விரட்டலை அடக்குகிறது, ஒன்று தேங்கிய நீரை இறக்குகிறது. குழாய் அகலமானால் பம்புக்குச் சுமை குறையும், இது நான் படித்த முதல் வருடப் பாடம், வருகிற பையன்களுக்கெல்லாம் நானே சொல்லிக்கொடுத்தது. என் சொந்தப் பம்புக்கு வந்தபோது வீம்பு அதை மறைத்துவிட்டது. இப்போது எல்லா மாத்திரையும் அம்மா கண்ணெதிரே விழுங்குகிறேன், உப்பைக் குறைத்தாயிற்று, காலையில் எழுந்ததும் எடை பார்க்கிறேன், எடை திடீரென்று ஏறினால் அது சதையல்ல, நீர், உடனே டாக்டருக்குப் போன் பண்ண வேண்டும். இப்படி இருந்தால் இதயம் ஓரளவு தேறவும் செய்யும், தேறாவிட்டால் மார்பில் ஒரு கருவி வைப்பார்கள். ஆகவே அப்பா செத்துப்போகப் போகிறார் என்று அழாதே, எனக்கு ஆயுள் கெட்டி, இல்லாவிட்டால் இத்தனை பேரை யார் திட்டுவது என்று உன் அம்மாவே சொல்கிறாள்.

இப்போது நீ செய்ய வேண்டியது. அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காதே, இதைப் படித்த உடனே உன் டாக்டரைக் கூப்பிட்டு, அப்பாவுக்கு இதயத் தசை நோய், தாத்தாவுக்கும் அதுவாகவே இருந்திருக்கலாம், எனக்கு மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது, படுத்தால் முடியவில்லை என்று இந்த வார்த்தைகளிலேயே சொல். மாசமாக இருந்தால் வருவதுதான் என்று அவர்கள் தள்ளினாலும் ஸ்கேன் பண்ணாமல் எழுந்து வராதே. பிள்ளையைப் பார்க்கிறார்களே, அதே ஒலி ஸ்கேன்தான், நெஞ்சின் மேல் வைத்துப் பார்ப்பார்கள், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. படுத்திருக்கும்போது மூச்சு அடைத்தால், போனெல்லாம் பண்ணிக்கொண்டிருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போ. நீயாக எந்த மாத்திரையையும் தொடாதே, என்னுடையவற்றில் சில கர்ப்பிணிக்கு ஆகவே ஆகாதவை. ஸ்கேனில் எல்லாம் சரியாக இருந்தால் கிழவன் வீணாகக் கலவரப்படுத்திவிட்டான் என்று நீயும் மாப்பிள்ளையும் ஆசை தீரச் சிரித்துக்கொள்ளுங்கள். அப்படிச் சிரிப்பதைக் கேட்க எனக்கு இப்போது ஆசையாகவே இருக்கிறது.

கையால் எழுதியதை அம்மா படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புகிறாள், பின்னாலேயே கூப்பிடவும் செய்வாள். நேற்றே நான் கூப்பிட்டிருக்கலாம், கூப்பிட்டேன், மழை பெய்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன், உனக்கே தெரியும். நீயும் பிள்ளையும் நோய் நொடியில்லாமல் நூறு வருடம் வாழ வேண்டும். ஞாபகம், ஸ்கேன். தனியாகப் போகாதே, மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ. இந்தக் கடிதத்தை அவரிடமும் கொடு, பேண்ட் நனைந்த இடத்தை மறைக்காமல் முழுவதும் படிக்கச் சொல், பந்தியில் சொன்னதைப் பற்றி நான் எழுதியதையும் படிக்கட்டும். ஸ்கேன் முடிந்து டாக்டர் என்ன சொன்னாலும் அதை உன் வாயால் கேட்க எனக்குத் தைரியம் போதாது. மாப்பிள்ளையையே கூப்பிடச் சொல். நான் எடுப்பேன்.

இப்படிக்கு,
வெட்கத்தோடும் ஆசீர்வாதத்தோடும்,
உன் அப்பா