நான் நேராக்கிய கண்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நலமா என்று கேட்டு நேரத்தை வீணாக்கவில்லை. இங்கே யாரும் நலமில்லை. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

அம்மாவின் தோள்வலி வாயுவும் இல்லை, வயசும் இல்லை. இடது நுரையீரலின் உச்சியில் கட்டி. பெரிய டாக்டர் டார்ச் அடித்து அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இடது இமை எப்போலேர்ந்து இப்படி இறங்கியிருக்கு?" என்று கேட்டார். கட்டி நரம்பை அழுத்தினால் அப்படி ஆகுமாம். தெரியாது என்றேன். பொய். அந்த நொடியே நீ வரைந்த படம் ஞாபகம் வந்துவிட்டது.

போன வருடம் நீ அம்மாவைப் பென்சிலில் வரைந்து கூடத்தில் மாட்டிவிட்டுப் போனாயே, அதில் இடது இமை வலதைவிட இரண்டு மில்லிமீட்டர் கீழே இருந்தது. நான் பம்பு கம்பெனியில் வரைபடம் போடுகிறவன். அரை மில்லிமீட்டர் பிசகினாலே மேனேஜர், "கண்ணை வீட்டுல வச்சிட்டு வந்தியாப்பா?" என்பார். நீ ஊருக்குப் போன மறுநாளே படத்தைக் கழற்றி, நடுக்கோடு போட்டு, இமையை அழித்து, ஸ்கேல் வைத்துச் சமமாக்கினேன். சரிந்திருந்த தோளையும் சேர்த்து. அம்மா பார்த்துவிட்டு, "அழகாத்தான்டா இருக்கா. யாரு இவ?" என்றாள். கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன்.

தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவன் நான். நாலு நாள் வந்திருந்தவள் நீ. அப்போதே அம்மாவைக் கூட்டி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் ஃபைலை மூடிவிட்டு, "இப்ப அதைப் பேசி என்ன தம்பி" என்றார்.

நேற்று படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். உன் பழைய கோடு தாளில் பள்ளமாக அப்படியே இருக்கிறது. அதன் மேலேயே பென்சிலை ஓட்டிப் பார்த்தேன். கோடு வந்தது. அம்மா வரவில்லை.

அவளிடம் கட்டியைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் காலையில் அவளாகவே, "அக்காவை வரச் சொல்லுடா. போன தடவை அசைஞ்சுக்கிட்டே இருந்தேன்னு திட்டினா. இந்தத் தடவை அசையாம இருக்கேன்னு சொல்லு" என்றாள்.

லீவு இல்லை என்று எழுதாதே. பென்சில்களை மறக்காதே. எப்படி இருக்கிறாளோ அப்படியே வரை, நான் ரப்பரைத் தொடமாட்டேன். என்னைத் திட்டுவதென்றாலும் நேரில் வந்து திட்டு. அவள் அசையும்போதே வா, அக்கா.

உன் வழி பார்த்துக் காத்திருக்கும்,
தம்பி