பத்து நிமிடம் முந்தி ஓடும் கடிகாரம்

என்னங்க,

கூப்பிட்டால் "வாரேன் வாரேன்" என்பீர்கள், வரமாட்டீர்கள். இன்றைக்கும் கூப்பிடுகிறேன். பழக்கம் விடவில்லை.

நம் ஈப்போ சிலிபின் வீட்டுக் கூடத்துக் கடிகாரம் இன்னும் பத்து நிமிடம் முந்தித்தான் ஓடுகிறது. ஆயர் தாவார் ரப்பர் தோட்டத்திலிருந்து நீங்கள் கொண்டுவந்த வழக்கம். விடிகாலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் அன்றைக்கு வேலை கிடையாது என்று, அங்கே வீட்டுக்கு வீடு முந்தி வைப்பார்களாம். ரப்பர் தோட்டம் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டமாகி, நாம் ஈப்போவுக்கு வந்த பிறகும் பத்தைக் கழித்துக்கொண்டேதான் இருந்தோம்.

அதே ஆள்தான் கல்லுடைக்கும் குவாரியில் மலைச்சரிவைக் கண்காணிக்கும் ராடார் பார்த்தீர்கள். ஒரு கருவி அலையை அனுப்பும். பாறையில் பட்டுத் திரும்புவதை இன்னொன்று வாங்கும். போய்வந்த நேரத்தை வைத்துத்தான் தூரம். இரண்டின் கடிகாரமும் ஒன்றாக ஓட வேண்டும். ஒரு நொடியை நூறு கோடியாக உடைத்து அதில் ஒரு துண்டு பிசகினாலும் பாறை அரைச் சாணுக்கு மேல் நகர்ந்ததாகக் காட்டும் என்று சாப்பிடும்போது சொல்வீர்கள். இந்த மனுஷனுக்குக் கல்யாண நாள் மட்டும் ஞாபகம் இருக்காது என்று நான் சிரிப்பேன்.

அந்த இரண்டு கடிகாரமும் ஒத்துப்போகவில்லை. புதுக் கருவி கேட்டீர்கள். வரும்வரை வேலையை நிறுத்த மேலே யாரும் சம்மதிக்கவில்லை. அன்று நீங்கள் சொன்னது என் காதிலேயே நிற்கிறது. "எவ்ளோ தள்ளி ஓடுதுன்னுதான் தெரியுதே சரசு. நம்ம வீட்டுக் கடியாரம் மாதிரி கழிச்சுக்கலாம்லா."

நம் கடிகாரம் என்றைக்கும் பத்துதான் முந்தும். அங்கே பிசகு நாளுக்கு நாள் கூடியது. நீங்களும் அதற்கேற்பக் கழித்தீர்கள். கருமாதிக்கு வந்தபோது உங்களோடு வேலை பார்த்த சிவா தலை நிமிராமல் சொன்னான். "அண்ணே கழிச்சதுல, பாறை நெசமா நகந்ததும் சேந்து கழிஞ்சு போச்சுக்கா."

உங்கள் கணக்கை நம்பித்தானே அன்று அந்தப் பாறைக்குக் கீழே போய் நின்றீர்கள்? புதுக் கருவி இப்போது வந்துவிட்டதாம். வந்து எனக்கு என்ன?

பாறை சரிந்த சேதி போனில் வந்தபோது என் கண் கடிகாரத்துக்குத்தான் போனது. பத்தைக் கழித்தேன். இன்னும் நடந்திருக்காது என்று ஒரு கணம் நம்பினேன். சாயங்காலம் ஆனால் இப்போதும் அப்படித்தான். நீங்கள் வரும் ஆறு மணியை முள் தாண்டும். கழித்துப் பார்த்து, இன்னும் நேரம் இருக்கிறது என்பேன். அந்தப் பத்தும் போய்விடும். பிறகு எதைக் கழிப்பது?

நேரத்தைச் சரியாக்கலாம் என்று சிவா ஒருநாள் கை நீட்டினான். தொடவே விடவில்லை. அது ஒன்றுதான் எனக்கு மிச்சம் என்று இருந்தேன். நேற்று பார்க்கிறேன், நம் மகளும் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சாப்பிட வா என்றேன். கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இன்னும் பத்து நிமிஷம் இருக்கும்மா."

நான் கழிப்பதைப் பார்த்து அவளும் கழிக்கிறாள்.

இந்தக் கடிதத்தை முடித்ததும் நாற்காலி போட்டு ஏறி முள்ளைப் பின்னுக்குத் திருப்பிவிடுவேன். உங்கள் மேல் சத்தியம். அதன் பிறகு இந்த வீட்டில் ஆறு என்றால் ஆறுதான். நீங்கள் வரவில்லை என்றால், வரவில்லைதான்.

உங்கள் வீட்டுக்காரி,
சரசு