மூன்றாம் பக்கம்

மேல்கணக்கு,
மஸ்கெலியா.
09.02.2003

அன்புள்ள பூரணி டீச்சருக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள், டீச்சர். உங்கள் வீட்டுக்காரரிடமும் வேண்டாம். வாசித்து முடித்ததும் கிழித்துவிடுங்கள். பதில் எழுதினால் வீட்டு விலாசத்துக்குப் போடாதீர்கள். காலைப் பெரட்டில் வேலைக்குப் பெயர் கூப்பிடும்போதுதான் கடிதங்களையும் கொடுப்பார்கள். அம்மா அதை வாங்கி வந்து என்னையே வாசிக்கச் சொல்வார். பாடசாலை விலாசத்துக்குப் போடுங்கள்.

நான் சுகம். குட்டித் தேனுஜன் சுகமா? நீங்கள் லண்டனுக்குப் போன பிறகு கணிதத்துக்கு யாரும் வரவில்லை. அதிபரே வந்து பெருக்கல் கணக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார். நாங்கள் பத்தாம் வகுப்பு என்பது அவருக்கு மறந்துபோய்விட்டது.

எல்லாரும் தூங்கிவிட்டார்கள். குப்பி விளக்கில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

பொங்கலுக்கு முதல் நாள் உங்கள் நீண்ட கடிதம் வந்தது. தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்தபடி நீங்கள் தேனுஜனைப் பெற்ற கதை. அப்பா கொழும்புக் கடையிலிருந்து லீவில் வந்திருந்தார். இஸ்தோப்புத் திண்ணையில் அப்பா, அம்மா, அடுத்த வீட்டுப் பேச்சியம்மா பெரியம்மா எல்லாரும் இருந்தார்கள். நான் சத்தமாக வாசித்தேன். மங்கலான விளக்கு. இளஞ்சூடான தண்ணீர். இறங்கியதும் வலி பாதியானது. குழந்தை அழாமல் கண்ணைத் திறந்து பார்த்தது. இரண்டாம் பக்கம் அதோடு முடிந்தது.

மூன்றாம் பக்கத்தை நான் வாசித்துக் காட்டவில்லை, டீச்சர்.

முதல் வரியிலேயே இரத்தம் என்று இருந்தது. அடுத்த வரியில் தையல். அதெல்லாம் உங்கள் சிநேகிதி சிவகௌரி அக்காவுக்கு அதே தொட்டியில் நடந்ததாக எழுதியிருந்தீர்கள். அப்பாவின் முன்னால் அதை எப்படி வாசிப்பது? நான்காம் பக்கத்துக்குத் தாவி, எல்லாருக்கும் அன்பைச் சொல்லவும் என்று முடித்துவிட்டேன்.

அதன் பிறகு அந்தக் கடிதத்தை எத்தனை தடவை வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. தேயிலைக் கொழுந்தை நிறுத்துவிட்டு வருகிற பெண்கள் கூடையை இறக்கும் முன்பே, டீச்சரம்மா கடுதாசியைப் படி புள்ள என்று கேட்பார்கள். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் தாவினேன். அப்பா கொழும்புக்குப் போன அன்றே வாசித்திருக்கலாம். ஆனால் அதற்குள் எல்லாருக்கும் கடிதம் பாடமாகிவிட்டது. இப்போது புதிதாக ஒரு பக்கம் வந்தால், இத்தனை நாளாக ஏமாற்றினாயா என்று கேட்பார்கள்.

உங்களுக்கு ஒரு விஷயம் நான் எழுதவே இல்லை. நீங்கள் லண்டனுக்குப் போன அதே வருஷம் அம்மாவுக்கு ஒரு குழந்தை பிறந்தது. வலி வந்து கொழுந்து லொறியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் டோர்ச் பிடித்திருந்தேன். பாலத்து வளைவில், சாக்குகளுக்கு மேலேயே தங்கச்சி பிறந்தாள். மூன்று தடவை அழுதாள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அவளிடம் சத்தம் இல்லை. அதிலிருந்து லொறிச் சத்தம் கேட்டாலே அம்மா காதைப் பொத்திக்கொள்வார்.

இப்போது அம்மாவுக்கு ஏழாம் மாதம். லொறியில் ஏறமாட்டாராம். தண்ணீரில்தான் பெறுவாராம். "அழாமக் கண்ணத் தொறந்து பாத்துச்சாமே. எனக்கு அந்த மாதிரி ஒண்ணு போதும்" என்று நாளுக்குப் பத்துத் தடவை சொல்கிறார்.

பழைய துரை காலத்துக் குளியல் தொட்டி ஒன்று மாட்டுப்பட்டியில் கிடந்தது. மாடுகள் அதில்தான் தண்ணீர் குடிக்கும். மாடு பார்க்கிற அழகன் அண்ணன் அதை ஆட்களோடு தூக்கிவந்து எங்கள் அறைக்கு அடுத்த வெறுங் காம்பராவில் வைத்துவிட்டார். பெண்கள் சாம்பல் போட்டுத் தேய்த்தார்கள். அழகன் அண்ணன் பேச்சியம்மா பெரியம்மாவின் மகன். பெரியம்மா மலையில் கொழுந்து எடுக்கும்போது வலி வந்து, ஓடைக்குள்ளேயே பெற்ற பிள்ளை. எங்கள் லயத்து வீடுகளில் அவசரத்துக்குப் பிரசவம் பார்ப்பதும் பெரியம்மாதான். அவர் தொட்டியைப் பார்த்துச் சிரித்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்.

"புள்ள என்ன மீனாடி வடிவு? நானும்தான் ஓடையில பெத்தேன். என்னைய யாரு கடுதாசி போட்டுக் கேட்டா? கைய விட்டு நழுவிப் போனான் இந்தப் பய. முந்தானையில அள்ளிப் புடிச்சேன். இன்னிக்கும் ஓடை பெருகுனா நான் அந்தப் பக்கம் போறதில்ல."

"அது பச்சத் தண்ணி பெரியக்கா. இது சுடுதண்ணி" என்றார் அம்மா.

சென்ற கிழமை மிட்வைஃப் அம்மா வந்து பிரஷர் பார்த்தார். கால் வீங்கியிருக்கிறது, ஒன்பதாம் மாதம் தொடங்கும்போதே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்துவிட வேண்டும் என்றார். அம்மா நன்றாகத் தலையாட்டினார். அவர் போனதும் தொட்டியைத் துடைக்கப் போய்விட்டார். பிரஷர் உள்ளவர்களையும் கால் வீங்கியவர்களையும் அங்கே தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள் என்று மூன்றாம் பக்கத்தின் கடைசியில் இருக்கிறது. இந்த லயத்தில் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போகாது. பக்கத்துக் காம்பராவில் தகரம் ஓட்டை. மழைத் தண்ணீர் தொட்டிக்குள் சொட்டுகிறது. மூன்று சொட்டு விழுகிறது, பிறகு நின்றுவிடுகிறது. எண்ணாமல் இருக்கப் பார்க்கிறேன். முடியவில்லை.

சிவகௌரி அக்காவுக்கு நடந்தது எல்லாருக்கும் நடக்காதுதானே, டீச்சர்? நடக்காது என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். பிறகு நான் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டவே தேவையில்லை.

உங்கள் மாணவி,
சோ. லோஜனா


லண்டன்,
23.02.2003

அன்பின் லோஜனா,

உம்முடைய கடிதம் நேற்று வந்தது. ஒருவருக்கும் காட்டவில்லை. கிழிக்கச் சொன்னீர், அதற்கு மட்டும் மனம் வரவில்லை. தங்கச்சியின் செய்தி எனக்கு இப்போதுதான் தெரியும். அப்படி ஒரு வீட்டுக்கு நான் நாலு பக்கத்துக்கு என் சந்தோஷத்தை எழுதி அனுப்பியிருக்கிறேன்.

நீர் கேட்ட ஒரு வரியை என்னால் எழுத முடியாது, பிள்ளை. வேறொன்று எழுதவேண்டி இருக்கிறது. நீர் ஒரு பக்கத்தைத் தாவினீர். நான் இரண்டு பேருடைய கதையை இடம் மாற்றி எழுதினேன்.

மங்கல் விளக்கும் பாதியான வலியும் சிவகௌரியுடையவை. அவளும் நானும் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே மாதம். அவளுக்கு நான் எழுதியபடியேதான் நடந்தது. கோயிலுக்குப் போய்வந்த மாதிரி இன்றைக்கும் சொல்லுவாள். அது பொய்யில்லை. மூன்றாம் பக்கத்தில் இருப்பது நான்.

எனக்கு வலி குறையவில்லை. தண்ணீர் சிவந்தது. மூன்று பேர் சேர்ந்து என்னைத் தூக்கி வெளியே கிடத்தினார்கள். தேனுஜனும் அழவில்லை. ஆனால் அவன் கண்ணைத் திறந்து பார்க்கவில்லை, லோஜனா. மூச்சில்லாமல் இருந்தான். அந்த அறைக்குள் எத்தனையோ பேர் ஓடினார்கள், ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை. நாலு நிமிடம் என்று பிறகு சொன்னார்கள். அதன் பிறகு ஒரு சத்தம் வந்தது, பூனைக்குட்டி மாதிரி. அதற்காகத்தான் அந்த நாலு நிமிடமும் நான் காது கொடுத்துக்கொண்டு கிடந்தேன்.

இப்போது கொழுத்துப்போய்த் தவழ்கிறான். அவனைக் குளிக்க வார்ப்பது இவர்தான். நான் வாசலில் துவாயைப் பிடித்துக்கொண்டு மற்றப் பக்கம் பார்த்து நிற்பேன். வெந்நீருக்குள் என் கை இறங்காது. ஏன் என்று இவர் கேட்பதில்லை.

ஏன் மாற்றி எழுதினேன் என்று யோசித்துப் பார்த்தேன். லண்டனுக்குப் போன டீச்சர் நன்றாக இருக்கிறா என்று நீங்கள் எல்லாரும் கதைக்க வேண்டும் என்ற ஆசை. வேறொன்றும் இல்லை.

சிவகௌரிக்குப் பக்கத்தில் இரண்டு தாதிமார் நின்றார்கள். அடுத்த அறையில் டாக்டர் இருந்தார். எனக்கும் அவர்கள் எல்லாரும் இருந்தபடியால்தான் இன்றைக்கு நான் இருந்து எழுதுகிறேன். உங்களுடைய தொட்டிக்குப் பக்கத்தில் அவர்கள் இல்லை.

மூன்றாம் பக்கத்தை வாசியும். சிவகௌரி என்று வரும் இடமெல்லாம் என் பெயரைச் சொல்லி வாசியும். அம்மா அழாத பிள்ளையைக் கேட்கிறா. அழுகைதான் வேண்டும் என்று சொல்லும். தங்கச்சி மூன்று தடவை அழுதது உயிரோடு வந்ததனால்தான். அந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லும். மிட்வைஃப் அம்மாவிடமும் தொட்டியைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடும். கோபம் என் மேல் வரட்டும்.

அன்புடன்,
பூரணி


மேல்கணக்கு,
மஸ்கெலியா.
16.03.2003

அன்புள்ள டீச்சருக்கு,

பதில் வரவில்லை. என்மேல் கோபமா? கடிதம் வந்ததா என்று தினமும் அதிபரிடம் கேட்கிறேன். வெளிநாட்டில் யாரிடமோ புத்தகம் கேட்டிருக்கிறேன் என்று நினைத்து, இருக்கிற புத்தகத்தை முதலில் படி என்கிறார்.

நேற்று அம்மா தண்ணீர் இல்லாத தொட்டிக்குள் இறங்கிப் படுத்துப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு, கையை வயிற்றில் வைத்துக்கொண்டு. எழுந்திருங்கள் என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"வலி வந்ததும் நீ தலமாட்டுல ஒக்காந்து டீச்சர் கடுதாசியப் படிக்கணும் லோஜி. புள்ள வர்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது" என்றார்.

அப்போது சொல்லிவிட நினைத்தேன். எல்லாருக்கும் அப்படியே அமையுமா அம்மா என்று மட்டும்தான் வாயில் வந்தது.

"ஏன், டீச்சரு பொய்யா எழுதுவாங்க?" என்றார்.

அவர் வெளியே வரும்போது காலைப் பிடித்துவிட்டேன். விரல் அழுத்திய இடத்தில் குழி விழுந்தது. நான் கையைக் கழுவிவிட்டு வரும்போதும் அந்தக் குழி இருந்தது.

சொட்டுச் சத்தம் மழை இல்லாத நாளிலும் கேட்கிறது, டீச்சர். பெரியம்மாவுக்குக் கேட்கவில்லையாம்.

உங்கள்,
லோஜனா


24.03.2003
இரவு

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் கடிதம் இன்று பின்னேரம்தான் கிடைத்தது. தோட்டத்து ஆபீஸில் அதிபருடைய கடிதக் கட்டுக்குள் இரண்டு கிழமைக்கு மேலாகக் கிடந்ததாம். பாடசாலைக்குப் பின்னால் நின்று வாசித்தேன். இரண்டு தடவை வாசித்தேன். பிறகு வீட்டுக்கு ஓடிவந்தேன்.

அம்மாவைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள், சொல்ல முடியவில்லை. இருட்டியதும் அம்மாவுக்கு வலி தொடங்கிவிட்டது. சொன்ன நாளுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. பக்கத்துக் காம்பராவில் பெண்கள் வாளி வாளியாகச் சுடுதண்ணீர் ஊற்றுகிறார்கள். தொட்டி நிறைய நேரமாகும் என்று பெரியம்மா சொன்னார். அதற்குள் கடிதத்தைத் தேடி எடுத்து வரச் சொல்லி என்னை அனுப்பியிருக்கிறார்கள். அது என் மடியில்தான் இருக்கிறது. தேடுவதுபோலக் கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன். பேச்சுப் போட்டிக்கு முன்னால் நீங்கள்தான் சொல்லித் தந்தீர்கள், பயமாக இருந்தால் முதலில் எழுதிப் பார், பேச்சு தானாக வரும் என்று.

அழகன் அண்ணனிடம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் திட்டவில்லை. "நான் ஓடையில பொறந்தவன் தங்கச்சி, எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, டிரைவரை எழுப்பி லொறியை லயத்துக்குக் கீழே கொண்டுவரப் போயிருக்கிறார். மாட்டுப்பட்டியிலிருந்து வைக்கோல் பரப்பி மேலே மெத்தை போடுவாராம். வழியில் மிட்வைஃப் அம்மா வீட்டுக் கதவையும் தட்டச் சொன்னேன். லொறிச் சத்தம் கேட்டால் அம்மா காதைப் பொத்திக்கொள்வார். அதற்கு முன் நான் வாசித்தாக வேண்டும். அவர் தண்ணீரில் இறங்குவதற்கு முன்.

இப்படித்தான் சொல்லப் போகிறேன். அம்மா, ஒரு பக்கத்த நான் ஒங்களுக்குப் படிக்கவே இல்ல. அப்பா இருந்தாருன்னு வெக்கப்பட்டேன். டீச்சரும் ஒண்ண மறைச்சிட்டாங்க. அவங்க புள்ள அழாம இருந்தது நல்லதுக்கு இல்லம்மா. தங்கச்சி அழுதாளே, அதுதான் நல்ல சத்தம். நான் டோர்ச் புடிச்சிக்கிட்டு வர்றேன். இந்தத் தடவ மிட்வைஃப் அம்மாவும் கூட வருவாங்க. ஏறுங்கம்மா.

என்னை அடிப்பாரா தெரியாது. இனி என்னிடம் எந்தக் கடிதத்தையும் வாசிக்கத் தரமாட்டாரோ என்னவோ. ஏறினால் போதும்.

இன்று சொட்டுச் சத்தம் இல்லை. ஊற்றுகிற சத்தம்தான். இப்போது சுவருக்கு மேலாக அம்மாவின் குரல் வருகிறது. "லோஜி, கெடச்சிருச்சா?" கிடைத்துவிட்டது என்று சொன்னேன்.

மூன்றாம் பக்கத்தை மேலே வைத்துவிட்டேன். அவசரத்தில் பெயர் மாறி வாசித்துவிடக் கூடாது என்று, சிவகௌரி என்ற பெயரை வெட்டி மேலே பென்சிலால் பூரணி என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆறு இடத்தில் வருகிறது. நாலு எழுதிவிட்டேன்.

கதவைத் தட்டுகிறார்கள். பெரியம்மா. இன்னும் இரண்டு இடம்