முப்பதடி அலையும் என் மச்சானும்

5.4.98, குருத்து ஞாயிறு
காலை ஆறுக்கே வெயில். ஃபேன் வேலைநிறுத்தம்.
வங்கக் கடல் சாட்சியாக இங்கே எழுதப்போகும் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை. எனக்கே இரண்டு முறை சந்தேகம் வந்தது.

காணும் பொங்கலன்று மகாபலிபுரத்தில் முப்பதடி அலை. தங்கச்சி புருஷன் சவரிமுத்துவை வாரிக்கொண்டு போனது. நான் ஒற்றைக் கையால் இழுத்துப்போட்டேன். கரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். இப்படித்தான் தங்கச்சி மகனின் ஞானஸ்நான விருந்தில் நாற்பது பேர் முன்னால் சொன்னேன். கைதட்டல்.
நடந்தது தலைகீழ். முழுகியது நான். இழுத்தது அவன்.

அன்றிலிருந்து மச்சான் என்னோடு பேசுவதில்லை. இன்றும் பூசையில் பக்கத்திலிருப்பவருக்குச் சமாதானம் சொல்லும்போது என்னை விட்டுவிட்டுத் தூணுக்குக் கும்பிடு போட்டான். தூணோடு அவனுக்கு என்ன சண்டையோ.

8.4, புதன்
சோப்பு, பல்பு, பாவசங்கீர்த்தனம்.
தங்கச்சி ஸ்டெல்லா போன்: "அவரு கல்பாக்கம் ஸ்டாஃப் பஸ்ல ஏறுனாலே 'மிதக்க டியூப் எடுத்துகினியா சவரி'ன்னு கேக்குறானுங்களாம். உனக்கு இன்னாண்ணா, சொல்லிட்டுப் போயிட்ட."
கோயிலில் பாவத்தைச் சொல்லிவிட்டு, பத்து 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தோடு தப்பிக்கப் பார்த்தேன். சாமியார் விடவில்லை. "கடவுள் மன்னிச்சிட்டாரு. அவர் மானத்த யாரு திருப்பிக் குடுக்கிறது? யார் எதிர்ல சொன்னீங்களோ அவங்க எதிர்லயே மாத்திச் சொல்லுங்க."
உலக வரலாற்றில் இப்படியொரு தண்டனை எவனுக்கும் இல்லை. கூட்டிச் சொல்லக் கூடாதாம். நான்.

10.4, பெரிய வெள்ளி
கஞ்சி மட்டும். கண்ணாடி முன் ஒத்திகை: "தண்ணி இடுப்பளவு." மூன்று தடவையும் வாய்க்குள்ளேயே பதினைந்தடி ஆகிவிட்டது.

12.4, ஈஸ்டர்
பூசை முடிந்து கோயில் வாசலில் டீ. விருந்துக்கு வந்த அதே கூட்டம். பெஞ்சில் ஏறினேன். "முழுகினது நானு. இழுத்தது சவரிமுத்து. தண்ணி இடுப்பளவு."
ஒரே சிரிப்பு. "இன்னா அண்ணாத்த, ஈஸ்டருக்குப் புதுக் கதையா?"
ஆயுளில் முதல் உண்மை, அதற்கு இந்த மரியாதை. மச்சான் பக்கம் திரும்பினேன். "நான் சொன்னது பொய்யி மச்சான். மன்னிச்சிரு."
சிரிப்பு நின்றது. மச்சான் டீயை வைத்துவிட்டு வந்தான்.
"இடுப்பளவு இல்ல மச்சான். முட்டிதான்."
கட்டிக்கொண்டான். தூண் தனியாக நின்றது.

13.4, திங்கள்
ஸ்டெல்லா வீட்டில் வஞ்சிரம். பன்னிரண்டு துண்டு தின்றேன். (நாலு.)
மச்சான் கேட்டான்: "எல்லாத்தையும் மாத்திச் சொன்ன. நான் அழுதத மட்டும் ஏன் மாத்தல?"
மீனில் முள் எடுத்தேன். அவன் அழுதது ஒன்றுதான் நிஜம். என்னைக் கரையில் போட்டு, நான் இருமிக் கண் திறந்ததும், அழுதான்.