40716 என்று முடியும் எஞ்சின்

கோவில்பட்டி,
12.09.2024

ஐஸ்வர்யாவின் அப்பாவுக்கு,

சொர்ணத்தாய் எழுதுவது. நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் வழக்கம். நீங்கள் நலமாக இருப்பதை என் தம்பி முத்துசெல்வம் நேரில் பார்த்துவிட்டு வந்து சொல்லிவிட்டான். அதனால் கேட்கவில்லை.

இந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தமிழில் எழுதியிருப்பதால் அந்த வீட்டில் உங்களைத் தவிர யாரும் இதை வாசிக்க முடியாது. பயப்படாமல் கடைசிவரை வாசியுங்கள். உங்கள் போன் நம்பரும் என்னிடம் இருக்கிறது. கூப்பிடவில்லை. குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், சொல்ல வேண்டியது எதையும் சொல்ல மாட்டேன்.

உங்களை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொல்ல வேண்டுமானால் என் வேலையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். 2013 ஆகஸ்டில் தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு விஜயவாடா போனீர்கள். லோடு இறக்கியாச்சு, திரும்புகிறேன் என்று சாயங்காலம் பேசினீர்கள். அதோடு சரி. நீங்களும் வரவில்லை, லாரியும் வரவில்லை. வழியில் யாரோ அடித்துப் போட்டுவிட்டு வண்டியைக் கொண்டுபோய்விட்டார்கள் என்றுதான் போலீஸ் முதல் பக்கத்து வீடு வரை எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். ஆறு மாதம் ஸ்டேஷனுக்கு நடந்த பிறகு, பைபாஸ் பக்கம் லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் நல்லக்கண்ணு அண்ணாச்சி என்னைக் கடைக்கு வரச் சொன்னார். பில் போடத்தான் போனேன். இப்போது எந்த எஞ்சினுக்கு எந்தக் கிட் சேரும் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. பிஸ்டன், லைனர், ரிங், பேரிங், கேஸ்கட் எல்லாம் ஒரே பெட்டியில் வந்துவிடும். ஆனால் பழைய எஞ்சின் என்றால் கவனம் வேண்டும். ஒரே மாடலிலேயே ஒரு எண்ணுக்கு முன்னால் வந்ததற்கு ஒரு பிஸ்டன், அதற்குப் பின்னால் வந்ததற்கு வேறு. பிளாக்கில் அடித்திருக்கும் எண்ணைப் பார்க்காமல் நான் பெட்டியைக் கொடுப்பதில்லை.

ஆகஸ்ட் இருபதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். குளத்தூரில் உப்பு லோடு அடிக்கும் மாயகிருஷ்ணன் என்பவர் வாட்ஸப்பில் இரண்டு போட்டோ அனுப்பியிருந்தார். ஒன்று, தூத்துக்குடியில் அவர் பார்த்துவைத்திருந்த கிட் பெட்டியின் லேபிள். இன்னொன்று, இறக்கிவைத்த எஞ்சினில் அழுக்கைச் சுரண்டி எடுத்த எண். இதற்கு இது சேருமா, மெக்கானிக் சேரும் என்கிறார், உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று பார்த்தேன் என்று பேசியும் அனுப்பியிருந்தார்.

எண்ணை நான் வாய்விட்டுப் படிப்பேன். அண்ணாச்சி எதிரே உட்கார்ந்து புத்தகத்தில் சரிபார்ப்பார். அன்றும் படித்தேன். பாதியில் கண் நின்றுவிட்டது, வாய் நிற்கவில்லை. நான்கு, பூஜ்யம், ஏழு, ஒன்று, ஆறு என்று போட்டோவைப் பார்க்காமலே சொல்லி முடித்தேன். அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்து, "என்னம்மா செய்யுது? மொகம் வெளுத்துக் கெடக்கு" என்றார்.

நம் லாரியின் அந்த எண்ணை நான் எத்தனை தாளில் எழுதியிருப்பேன் தெரியுமா? போலீஸ் புகாரில், இன்சூரன்ஸ் மனுவில், கலெக்டர் ஆபீஸ் மனுவில், கோர்ட்டுக் காகிதத்தில். உங்கள் பிறந்த தேதியாவது யோசித்தால்தான் வரும். இது தூக்கத்திலும் வரும்.

அண்ணாச்சி தண்ணீர் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு நான் செய்ததை நினைத்தால் எனக்கே வியப்பாக இருக்கிறது. மாயகிருஷ்ணனுக்குப் பதில் அனுப்பினேன். பிஸ்டனும் லைனரும் சேரும், பேரிங் சேராது, அந்தக் கிராங்க் ஷாஃப்டை ஒரு தடவை அரைத்திருக்கிறது, அரைத்துத் தேய்ந்த அளவை ஈடுகட்டத் தடிமன் கூடிய இருபது சைஸ் பேரிங் வேண்டும் என்று. ஐஸ்வர்யாவுக்குக் காது குத்திய வருஷம் எஞ்சினைப் பிரித்தீர்களே, ஒர்க்ஷாப்புக்கு மூன்று நாள் நான்தானே சாப்பாடு கொண்டுவந்தேன். அன்று கேட்டது நினைவில் கிடந்திருக்கிறது. மாயகிருஷ்ணன் உடனே போன் செய்தார். "யக்கா, நாங்க இன்னும் கிராங்க்க வெளிய எடுக்கவே இல்ல. இங்கன நின்னு பாத்த மாரி சொல்லுதீங்களே, எப்படி?" என்று கேட்டார். போனை அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் அண்ணாச்சியும் நானும் குளத்தூருக்குப் பஸ் ஏறினோம். எட்டயபுரம் தாண்டியதிலிருந்து இரண்டு பக்கமும் உழுதுபோட்ட கரிசல் மழைக்காகக் காய்ந்து கிடந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து ஒன்றை மட்டும் நினைத்துக்கொண்டே போனேன். உங்களைக் கொன்றவன் யார் என்று இன்று தெரிந்துவிடும். பதினொரு வருஷம் கழித்தாவது தெரிந்துவிடும். அந்த நினைப்பில்தான் போனேன், சத்தியமாக.

மாயகிருஷ்ணன் நல்ல மனுஷர். விஷயத்தைக் கேட்டதும் எதையும் மறைக்காமல் சொன்னார். தன் வண்டியில் பிளாக் வெடித்துப்போய், ஏழு வருஷத்துக்கு முன்பு நாமக்கல்லில் பழைய எஞ்சின் விற்கும் ஒருவரிடம் இதை வாங்கினாராம். ஆர்.சி. புக்கில் எஞ்சின் மாற்றத்தைப் பதிய வேண்டும் என்பதால், முதல் சொந்தக்காரர் எழுதிக் கொடுத்த கடிதத்தையும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார். பீரோவிலிருந்து ஒரு பைல் எடுத்து வந்தார். "திருட்டு எஞ்சின்னா நான் தொட்டிருக்கவே மாட்டேன் அண்ணாச்சி. இந்தா பாருங்க, ஓனரு கையெழுத்து போட்ட கடுதாசி" என்று என் முன்னால் விரித்து வைத்தார்.

வண்டியை உடைக்கக் கொடுத்துவிட்டேன், எஞ்சினை விற்றுக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை என்று இங்கிலீஷில் டைப் அடித்த கடிதம். கீழே தமிழில் கையெழுத்து. பா. பெருமாள்சாமி. கடைசி எழுத்தின் வாலை இழுத்து அடியில் கோடாக விட்டிருக்கிறீர்கள், நம் கல்யாண ரிஜிஸ்டரில் போட்ட மாதிரியே. தேதி 4.3.2016. சிலகலூரிப்பேட்டை முகவரி. உங்கள் போட்டோ ஒட்டிய அடையாள அட்டை நகல்.

அந்தத் தேதியை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓங்கோல் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிப் பிணவறையில் அடையாளம் தெரியாத ஆள் ஒருவர் கிடக்கிறார், வந்து பாருங்கள் என்று போலீஸ் கூப்பிட்டது 2016 பிப்ரவரி கடைசியில். நானும் முத்துசெல்வமும் போனோம். துணியை விலக்கி முகத்தைக் காட்டினார்கள், முகமே இல்லை. முழங்காலில் உங்கள் தழும்பு இருக்கிறதா என்று நான் குனிந்து தேடினேன். இல்லை என்றதும் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அதற்கு மறுவாரம், அங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தூரத்தில், நீங்கள் இந்தக் காகிதத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

மாயகிருஷ்ணன் வீட்டு அம்மா எனக்குக் காப்பி கொண்டுவந்தார். டம்ளரை வாங்கியது தெரியும். கீழே விழுந்த சத்தம் கேட்டது. வேறு எதுவும் நினைவில்லை.

சிலகலூரிப்பேட்டைக்கு நான் வரவில்லை. முத்துசெல்வத்தைத்தான் அனுப்பினேன். ஆளைப் பார், பேசாதே, சண்டை போடாதே என்று நம் மகள் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அனுப்பினேன். நீங்கள் போனபோது அவனுக்கு மீசை அரும்பியிருந்தது. இப்போது தாடியும் தொப்பையுமாக இருக்கிறான். போன மாதம் இருபத்தெட்டாம் தேதி காலை அந்த முகவரியில் நீங்கள் நடத்தும் டிபன் கடையில் நீலச் சட்டை போட்ட ஒருவன் இரண்டு முறை இட்லி வாங்கி, இரண்டு முறையும் சாப்பிடாமல் எழுந்து போனானே, நினைவிருக்கிறதா? அவன்தான். நீங்களே அவன் இலையில் சட்னி ஊற்றினீர்களாம். எப்போதும் போல இடது கையால்தான் ஊற்றினீர்களாம். இட்லி சரியில்லையா என்று தெலுங்கில் கேட்டீர்களாம். நம் வீட்டில் பேசுகிற தெலுங்குதான் அங்கே போனதும் உங்களுக்குக் கைகொடுத்திருக்கிறது.

கல்லாவில் ஒரு பெண் இருந்ததாகச் சொன்னான். அந்தப் பெண்ணை நீங்கள் உரிமையோடு பெயர் சொல்லிக் கூப்பிட்டதாகவும் சொன்னான். பெயரை என்னிடம் சொல்ல வந்தான். வேண்டாம் என்றேன். வீட்டுக்கு வந்ததும் வாசல்படியில் உட்கார்ந்து, "அவிய நல்லாத்தான் இருக்காவ அக்கா. செத்துப்போனாவன்னே நெனச்சிருந்திருக்கலாம்" என்று சொல்லி அழுதான். அவன் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை.

இங்கே நடந்ததையும் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மா வெயிலுகந்தம்மாள் நான்கு வருஷத்துக்கு முன்பு சர்க்கரை நோயில் காலமானார்கள். கொள்ளி வைத்தது உங்கள் சித்தப்பா மகன் பாண்டியராஜன். அதன் பிறகு, ஏழு வருஷத்துக்கு மேல் தகவல் இல்லாதவர் என்று கோர்ட்டில் மனு போட்டோம். நான் கூண்டில் ஏறி, என் கணவர் உயிரோடு இருந்தால் எங்களிடம் வராமல் இருக்க மாட்டார் என்று சொன்னேன். ஜட்ஜ் அதை அப்படியே எழுதிக்கொண்டார். 2022 ஜூனில் நீங்கள் இறந்துவிட்டதாகத் தீர்ப்பு வந்தது. அன்று சாயங்காலம் உங்கள் பெரியம்மாவும் இரண்டு மதினிகளும் வந்து முறைப்படி என் கழுத்திலிருந்து எடுத்தார்கள். நான் தடுக்கவில்லை. நீங்கள் எங்கோ சாந்தியடைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன்.

தீர்ப்பை ரத்து செய்யலாம், உங்கள் மேல் வழக்கும் போடலாம் என்று வக்கீல் செல்வலட்சுமி சொல்கிறார்கள். போடப்போவதில்லை. பெரிய மனசு என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கோர்ட்டுப் படியில் மறுபடி ஏற எனக்குத் தெம்பு இல்லை. ஏன் போனீர்கள் என்றும் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். மூன்று வாரமாக நானே நூறு பதில் சொல்லிப் பார்த்துவிட்டேன். எதைச் சொன்னாலும் அந்தப் பிணவறைக்கு நான் போனது போனதுதான். அந்த எஞ்சினை என்ன செய்யட்டும், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று மாயகிருஷ்ணன் கேட்டார். எனக்கு எதற்கு? சரியான பேரிங்கை நானே எடுத்துப் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். வண்டி இப்போது உப்பு ஏற்றி ஓடுகிறது.

நான் எழுத வந்தது வேறு விஷயம்.

ஐஸ்வர்யா பிளஸ் டூ முடித்து இந்த வருஷம் திருநெல்வேலியில் நர்சிங் சேர்ந்திருக்கிறாள். ஹாஸ்டலில் இருக்கிறாள். உங்கள் உயரம், உங்கள் நெற்றி. அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. பன்னிரண்டு வயதில் ஒரு நாள் காய்ச்சலில் படுத்திருந்தபோது என்னிடம் ஒன்று சொன்னாள். நீங்கள் கடைசியாக விஜயவாடாவிலிருந்து பேசினீர்களே, அன்று அவளிடமும் போனைக் கொடுத்தேன். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் அவள் ஆடியதை நீங்கள் பார்க்க வரவில்லை என்று கோபம். "நீ ஒண்ணும் வர வேண்டாம் போ" என்று சொல்லிவிட்டாளாம். அதனால்தான் அப்பா வரவில்லை என்று ஆறு வயதிலிருந்து மனசுக்குள் வைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படியெல்லாம் இல்லை, திருடர்கள் செய்தது என்று அப்போது நான் சொல்லித் தேற்றினேன். இனி அவளிடம் அதை எந்த வாயால் சொல்வேன்? நீங்கள் உயிரோடு இருப்பது என்றைக்காவது அவளுக்குத் தெரியத்தான் போகிறது. தெரிகிற அன்று, தான் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் அவளுக்கு முதலில் நினைவுக்கு வரும்.

அதனால் நீங்கள் அவளுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். உங்களைப் பற்றி எவ்வளவு சொல்ல வேண்டுமோ அது உங்கள் இஷ்டம். அவள் சொன்னதற்காக நீங்கள் போகவில்லை என்பதை மட்டும் உங்கள் கையால் எழுதுங்கள். அது உண்மை இல்லை என்றாலும் எழுதுங்கள். எழுதி எனக்கு அனுப்புங்கள். அவள் விடுமுறைக்கு வரும்போது பக்கத்தில் உட்கார்ந்து நானே கொடுக்கிறேன். தனியாக வாசிக்க விட மாட்டேன்.

வெயிலில் அடுப்பு முன்னால் ரொம்ப நேரம் நிற்காதீர்கள். தலைசுற்றல் உங்களுக்குப் பழையது. அந்த வீட்டில் இருப்பவர்களும் நன்றாக இருக்கட்டும். எங்கேயாவது போவதாக இருந்தால், அவர்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
ஐஸ்வர்யாவின் அம்மா
சொர்ணத்தாய்