ஸ்பிரிங்வெளிக்கு மூன்று தரம் நடந்தவருக்கு

இன்று காலை அடுப்படித் தட்டிலிருந்த டின்களை இறக்கித் துடைத்தேன். மிளகாய்த்தூள் டின்னுக்கு அடியில் விரித்திருந்த தாளைத் திருப்பினால், உங்கள் சிவப்பு மை. 'வரும் பருவத்தில் நமது அணி.' நீங்கள் பயிற்சி கொடுத்த கல்லூரி உதைபந்தாட்டக் குழுவைப் பற்றி வருடா வருடம் எழுதி நோட்டீஸ் பலகையில் ஒட்டுவீர்களே, அதன் முதல் பிரதி. நீங்கள் அன்று வீடெல்லாம் தேடினீர்கள். "எனக்கென்னங்க தெரியும்?" என்றேன். தெரியும். எரிச்சலில் தட்டுக்கு விரித்தவளே நான்தான்.

நின்றபடியே வாசித்தேன். கோல் கீப்பர்: கை நல்லது, வாய்தான் அதிகம். இடது பேக்: முழங்கால் வலி, எண்ணெய் தேய்க்கச் சொல்ல வேண்டும். சென்டர் போர்வர்ட்: இவன் இருந்தால் வெற்றிக் கிண்ணம் பதுளைக்குத்தான். அதன் கீழே இரண்டு கோடு வேறு. எவனுக்கு எந்த முழங்கால் வலிக்கிறது என்று தெரிந்த மனுஷனுக்கு, கட்டிய பெண்டாட்டி ஒரு வாரமாகப் பல்வலியில் துடித்தது தெரியவில்லை.

சாப்பிட உட்கார்ந்தாலும் அதே பேச்சு. வெலிமடை உருளைக்கிழங்கை நான் பார்த்துப் பார்த்துக் கறி வைப்பேன். நீங்கள் துண்டுகளைத் தட்டில் பதினொன்றாக நிறுத்தி, "இவன் இங்கருந்து அடிச்சா எவனாலயும் மறிக்க முடியாது புள்ள" என்பீர்கள். கறி எப்படி என்று ஒரு வார்த்தை வராது. மற்றப் பெண்களுக்குச் சக்களத்தி வந்தால் ஒருத்தி வருவாள். எனக்குப் பதினொரு பேர். அதுவும் மீசை முளைக்கிற பயல்கள்!

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் தங்கச்சி விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. எழுபதுகளில், இரண்டு நாட்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தப்படி இந்தியப் பாஸ்போர்ட் வந்த தோட்டக் குடும்பங்களெல்லாம் ரயிலேறித் தலைமன்னாருக்கு, இந்தியக் கப்பலுக்குப் போய்க்கொண்டிருந்தன. அவளுக்கும் நாள் வந்துவிட்டது. கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான். "என்னங்க, ஆறு மாசம் தள்ளிப் போடச் சொல்லுங்களேன். நீங்க சொன்னா அவ புருஷன் கேப்பாரு" என்று கெஞ்சினேன்.

"அது கவர்மெண்டு காரியம் புள்ள. நாம தலையிடக் கூடாது" என்றீர்கள்.

அவள் ரயிலேறிய பண்டாரவளை ஸ்டேஷனுக்கு நான் தனியாகத்தான் போனேன். உங்களுக்கு அன்று பயிற்சி ஆட்டம். ரயில் நகர்ந்தபோது அவள் ஜன்னலில் தலையை நீட்டி, "அத்தான் வரலையா அக்கா?" என்று கேட்டாள்.

அது முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. உங்கள் சென்டர் போர்வர்டின் வீட்டுக்கும் பாஸ்போர்ட் வந்தது. உடனே அவர்கள் இருந்த ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்கு ஓடினீர்கள். பஸ் இல்லாத மழை நாளிலும் நடந்தே போய், லயத்து வீட்டு வாசலில் நின்று, "சீசன் முடியட்டும், அப்புறம் போங்க" என்று மன்றாடினீர்களாம். ஒரு தரமல்ல, மூன்று தரம். அரசாங்கக் கச்சேரியில் விசாரித்து, நாளைத் தள்ளிப்போட முடியும் என்று தெரிந்துகொண்டும் வந்தீர்கள். அப்படியானால் என் தங்கச்சிக்கும் முடிந்திருக்குமே! வெட்கமில்லாமல் சொல்கிறேன், பதினேழு வயதுப் பையனைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவனுடைய அம்மா நம் வீட்டுக்கு வந்தாள். நீங்கள் மைதானத்தில் இருந்தீர்கள். வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"வாத்தியார் சேர் போகாம இருங்கங்கிறாரு. எங்கண்ணன் குடும்பம் இந்தக் கப்பல்ல போகுது. கூடவே போனா ஒரே எடத்துல போடுவாங்கன்னு பேசிக்கிறாங்க. பையன் சேர் சொல்றபடி இருப்போங்கிறான். எனக்கு ஒண்ணும் ஓடலம்மா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னேன். "பந்து எந்தக் காலத்துல சோறு போட்டுச்சு? கூடப் பொறந்தவங்களோட போயிடுங்க. அவருக்கு அவர் கிண்ணம்தான் பெருசு."

பேச்சு நல்ல பேச்சுதான். மனசுதான் நல்ல மனசில்லை. அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். அடுத்த வாரமே ரயிலேறிவிட்டார்கள். அந்தப் பருவத்தில் முதல் ஆட்டத்திலேயே தோற்று, சேறு படிந்த கால்களோடு நீங்கள் வந்து உட்கார்ந்தபோது, 'இப்போது தெரிகிறதா?' என்று உள்ளுக்குள் கேட்டுக்கொண்டேன். கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

பிறகு அவனுடைய கடுதாசி வந்தது. நீங்கள்தான் சத்தமாக வாசித்தீர்கள். "மாமா குடும்பத்தை ஒரு பக்கமும் எங்களை ஒரு பக்கமும் அனுப்பிட்டாங்க சேர். நான் கல்லுடைக்கப் போறேன். இங்க பந்து இல்ல." வாசித்து முடித்துக் கடுதாசியை மடித்தீர்கள். "நான் இன்னொரு தரம் போய்க் கேட்டிருக்கணும் புள்ள. நாலாந்தரம் போயிருந்தா நின்னிருப்பாங்க" என்றீர்கள்.

அன்றே சொல்லியிருக்கலாம். அதன் பிறகு ஒவ்வொரு பருவம் தொடங்கும்போதும் அதையே சொன்னீர்கள். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாலாந்தரம் போயிருக்கணும்" என்றீர்கள். அப்போதும், பாவி நான், என் தங்கச்சிக்காக இவர் ஒரு தரம்கூட இப்படி வருந்தவில்லையே என்றுதான் நினைத்தேன். அந்தப் பொறாமையில் அன்றும் வாயை மூடிக்கொண்டேன்.

நாற்பது தரம் நடந்திருந்தாலும் அவர்கள் நின்றிருக்க மாட்டார்கள். உங்கள் மேல் ஒரு பிழையும் இல்லைங்க. போகச் சொன்னது நான்தான்.