சண்டைக்காரனிடம் கேட்ட மேனேஜர்

மார்ச் 3, 2025, திங்கள்

அட்டை கிலோவுக்கு ஒரு ரூபாய் இறங்கிவிட்டது. என் கடைக்குப் பழைய அட்டைப்பெட்டி இரண்டு டெம்போ வந்தது.

மத்தியானம் நாகராஜ் போன். எங்கள் தாராவி பேங்க் பிராஞ்சில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். "அண்ணாச்சி, சுந்தரராமன் சார் போயிட்டாரு. செம்பூர்ல, மக வீட்ல." ஒன்பது வருஷம் அந்த பிராஞ்சுக்கு மேனேஜர். பதினாறாம் தேதி மாட்டுங்காவில் கூட்டமாம். "உங்களுக்கு அஞ்சு நிமிஷம். மாட்டேன்னு சொல்லாதீங்க." சரி என்றேன்.

ரேட் பேசுகிற வாய் இது. இரங்கல் பேசுமா?

மார்ச் 5

பேச வேண்டியதை எழுதிப் பார்த்தேன். சார் குடையை இடுக்கிக்கொண்டு, பேண்ட்டைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துச் சாக்கடை தாண்டி வருவார். யார் கொடுத்தாலும் டீ வேண்டாம், தண்ணீர் மட்டும். என் வீட்டுக்காரி பூமாரி சொன்னாள்: "பேங்க் மூடுன பெறவும் உக்காந்து எனக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்குடுத்தாரே, அத எழுதுங்க." எழுதினேன்.

ஆனால் என்னைக் குடைவது வேறு. 1998இல் எனக்கு என்ன இருந்தது? பத்துக்குப் பத்து கடை, அதுவும் வாடகை. ரேஷன் கார்டு அண்ணன் பேரில். அந்த நிலையில் ஒருத்தன் வந்து நின்றால் பத்துப் பெட்டிகூட நான் கடன் தரமாட்டேன். அவர் ஐம்பதாயிரம் லோன் கொடுத்தார். கேட்டது ஒரே கேள்வி: "இந்தச் சந்துல உங்களுக்கு யாரோட சண்டை?"

கோர்ட் கேஸ் இருக்கிறதா என்று பார்க்கிறார் போல என நினைத்தேன். ஒளிக்காமல் சொன்னேன்: எதிர்க்கடை ஜஹாங்கீர். தோல் பை தைக்கிறவன். முந்தின வருஷம் நான் பரணுக்கு இரும்பு ஏணி வைத்தேன். அவன் வாசலில் ஒரு அடி நீட்டியது. முனிசிபாலிட்டிக்கு எழுதிப்போட்டு அறுக்க வைத்தான். அன்றோடு பேச்சு நின்றது. இன்றுவரை.

மார்ச் 7

செருப்பு மொத்த வியாபாரம் பேச்சிராஜாவும் சாரிடம் லோன் வாங்கியவன்தான். விசாரித்தேன். சிரிக்கிறான். "ஒம்மகிட்டயும் அதே கேள்வியா? நான் எம் மச்சினன் பேரச் சொன்னேன்வே."

அப்போ இதில் ஏதோ இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

நெருள் போய் நாகராஜை அவர் வீட்டில் பிடித்தேன். "சார் நேரா அந்தச் சண்டைக்காரன்கிட்டதான் போவாரு அண்ணாச்சி. 'சிநேகிதன் நல்லதாத்தான் சொல்லுவான், அதை வச்சுண்டு நான் என்ன பண்றது'ம்பாரு. ஒங்களுக்காக ஜஹாங்கீர் கடைக்கும் போனாரு. நான் வெளியதான் நின்னேன். என்ன பேசினாங்கன்னு தெரியாது."

டிரெயினில் இதே யோசனை. ஜஹாங்கீர் கெடுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கதை அன்றே முடிந்திருக்கும். சொல்லவில்லை — ஏன்?

மான்குர்த் தாண்டும்போது இன்னொன்று ஞாபகம் வந்தது. எனக்கு லோன் வந்த அடுத்த வருஷம் சார் என் கடைக்கு வந்து, "ஜஹாங்கீர் எப்படி?" என்றார். கிழிகிழியென்று கிழித்தேன். அவனும் லோனுக்குப் போயிருந்தானோ? இத்தனை வருஷத்தில் அவன் பேரையே நான் எடுத்ததில்லை, யாரிடம் கேட்டிருப்பேன்? என் வாயால அவன் பொழப்பு கெட்டிருந்தா? மேடையில ஏற எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?

மார்ச் 10

ஜஹாங்கீரிடம் கேட்கப் போகவில்லை. வேலை இருந்தது. பொய். பயம்.

மார்ச் 11

போய்விட்டேன். நோன்பு திறக்கப் பத்து நிமிஷம். ஜஹாங்கீர் கடை வாசலில் கஞ்சியும் பேரீச்சம்பழமும் வைத்துக் காத்திருந்தான். என்னைப் பார்த்ததும் மகன் அர்பாஸ் சட்டென்று எழுந்து நின்றான். அடிக்க வருகிறேன் என்று நினைத்தானோ என்னவோ.

"என்னவே, ஆறடி தாண்டி வர இருபத்தெட்டு வருசமா?" என்றான் ஜஹாங்கீர்.

சுற்றி வளைக்கவில்லை. "பாய், ஒமக்கு லோன் கெடச்சுதா இல்லியா?"

"கெடைக்காம? இந்த மூணு மெஷின் பின்ன எதுல வந்துச்சு? சார் சொன்னாரு, 'தங்கசாமி உம்மை இருபது நிமிஷம் திட்டினார். கஞ்சன், முரடன், எல்லாம் சொன்னார். பொய்யன்னு மட்டும் சொல்லலை'ன்னு. அதுக்கே பாஸ் பண்ணிட்டாரு."

அடுத்ததையும் கேட்டேன். "என்னப் பத்தி நீரு என்ன சொன்னீரு?"

"போவும்வே. அதச் சொன்னா ஒம்மப் பிடிக்க முடியாது."

பாங்கு சத்தம் கேட்டது. ஒரு கிண்ணம் கஞ்சியை என் பக்கம் தள்ளினான்.

மார்ச் 16

எழுதினதைப் படிக்கவில்லை. யார் தயவும் இல்லாமல் முன்னுக்கு வந்தவன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன், அது நிஜமில்லை என்று ஆரம்பித்தேன். ஏணிக் கதைக்கு ஹாலே சிரித்தது. மூன்றாம் வரிசையில் ஜஹாங்கீரும். சாருடைய மகள் பிரபாவதி மைக்கை வாங்கி, "எனக்கு மாப்பிள்ளை பார்த்தப்பவும், இவருக்கு ஆகாதவா யாருன்னு தேடிண்டுதான் அப்பா போனார்" என்றார். பிரபாவதியின் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். எத்தனை பேர் கிடைத்தார்களோ.

ஏப்ரல் 12, சனி

கார்ட்டன் ரேட் ஏறவில்லை. என்னைப் பற்றி சாரிடம் என்ன சொன்னார் என்று பாயிடம் இன்றும் கேட்டேன். "போவும்வே" என்றுவிட்டார்.

காலையில் அர்பாஸ் அவர்கள் மாடிக்குப் புது இரும்பு ஏணி இறக்கினான். பூமாரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நம்ம வாசல்ல நீட்டுது, பாத்தீங்களா?" என்றாள். டேப் எடுத்து அளந்தேன். ஒன்றேகால் அடி. என்னுடையது ஒரு அடிதான்.

ஏணிக்கு இடிக்காமல் என் கைவண்டியை எடுத்து இந்தப் பக்கம் நிறுத்திக்கொண்டேன்.